லீவில் வரும் அப்பாவிடம் பிள்ளை ஒட்டவில்லை என்றால்

தங்கச்சி, பள்ளிக்கூடத்தில் போய் நிற்கும் அந்த யோசனை வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் கேட்டது இதுதான். கணவர் லே பக்கம் ஃபீல்டில் இருக்கிறார். நடுவில் ஒரு லீவு ரத்தாகிப் போனதால் 13 மாதம் கழித்து இப்போதுதான் ஊருக்கு வருகிறார். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு மூன்றரை. போன லீவில் மகன் அவரிடம் ஒட்டவே இல்லை. மாமியார் 'அப்பனை மறந்த பிள்ளை' என்று கருங்கல் சந்தை வரைக்கும் சொல்லிவிட்டார். இந்தத் தடவை தேதி சொல்லாமல் வந்து, யூனிஃபார்மிலேயே பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் போய் நின்று சர்ப்ரைஸ் கொடுக்கப் போகிறேன், நீ வீடியோ எடு என்கிறார். செய்யலாமா, மகனை எப்படி ஒட்ட வைப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் ராணுவத்தில் சிக்னல்ஸ் என்னும் தகவல் தொடர்புப் பிரிவில் 24 வருடம் இருந்து 2014-ல் நாயப் சுபேதாராக வெளியே வந்தவன். சொந்தப் பிள்ளைகளிடமே 'யாரிந்த ஆள்' என்ற பார்வையை வாங்கியவன். ஊரில் செட்டிலான பிறகு பட்டாளக்காரர் வீடுகளில் இந்தப் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. டாக்டரெல்லாம் இல்லை. பட்டதையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

மகளை முதலில் எடுத்துக்கொள்வோம். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. ஆயா வந்து, 'எச்.எம். கூப்பிடுறாங்க, பையை எடுத்துட்டு வா' என்கிறார். பத்து வயதுப் பிள்ளை டி.வி. செய்தி பார்க்கிறது. பட்டாளக்காரர் வீட்டில் எதிர்பாராத நேரத்தில் யூனிஃபார்மில் ஆள் வந்து நின்றால் என்ன அர்த்தம் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வகுப்பிலிருந்து ஆபீஸ் ரூம் வரை நடக்கும் அந்த ஒரு நிமிடம் அவள் நெஞ்சு என்ன பாடுபடும்? அதற்குப் பிறகு அப்பாவைக் கண்டு அவள் அழுவதை வீடியோ பார்க்கிறவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்பார்கள். அதில் பாதி பயம் தெளிந்த அழுகை.

மகனுக்கோ வேறு கஷ்டம். பூட்ஸ் சத்தம், கைதட்டும் டீச்சர்கள், நீட்டிப் பிடித்த போன்கள். அழத்தான் செய்வான். அந்த அழுகையும் போனில் ஏறி, குடும்ப வாட்ஸப் குரூப்புக்குப் போய், மாமியாருக்கு இன்னொரு சாட்சியாகிவிடும். அப்பா எந்த நேரத்திலும் வாசலில் முளைக்கலாம் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அவர் திரும்பிப் போன பிறகும் பிள்ளை தினமும் வகுப்பு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அதை யார் போய் நிறுத்துவது?

உங்கள் கணவரைத் தம்பி என்றே சொல்கிறேன். தம்பியின் ஆசை எனக்குப் புரிகிறது. அவ்வளவு மாதம் பனியில் கிடந்தவர் மனதில் பிள்ளை ஓடிவந்து கழுத்தைக் கட்டும் அந்த ஒரு காட்சிதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். எனக்கும் ஓடியது.

என் மகள் பிறந்தது 2001 மே மாதம். அந்த டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து, ஆபரேஷன் பராக்ரம் என்று படையெல்லாம் எல்லைக்கு நகர்ந்தபோது நான் லீவில் வீட்டில் இருந்தேன். தந்தி வந்தது, கிளம்பினேன். அவளுக்கு ஏழு மாதம். ராஜஸ்தான் மணலில் கிடந்துவிட்டு அடுத்த நவம்பரில் திரும்பும்போது ஒன்றரை வயது. எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் விலாசத்தோடு. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் என் அம்மா, 'அப்பா வந்தாச்சு மக்ளே, அப்பா வந்தாச்சு' என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாராம். நான் வந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை முற்றத்தில் இறக்கியதும் எல்லாரும் 'அப்பா வந்தாச்சு' என்று சத்தம் போட்டார்கள். அவள் என்னைத் தாண்டி நடந்துபோய் வாசலில் சைக்கிளைத் தேடினாள்.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். ஓடிப்போய்த் தூக்கினேன். கத்திய கத்தில் மூச்சடைத்து, குடித்த பாலெல்லாம் என் சட்டையில் வந்தது. பக்கத்து வீட்டு மாமி, 'பட்டாளத்தானப் பாத்து பிள்ளை பேடிச்சிட்டு' என்று சிரித்தார். அன்று சாயங்காலம் ஜங்ஷனுக்குப் போனவன் ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அம்மாதான் வழி சொன்னார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். 'நீ அவளைப் பாக்காத. இங்க இருந்து தேங்கா துருவு' என்று துருவியை எடுத்துப் போட்டார். பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துருவ ஆரம்பித்தேன். முதல் மூடி முடிவதற்குள் பின்னால் காலடி. இரண்டாவது மூடியில் ஒரு சின்னக் கை என் இடுப்போரமாக நீண்டு, தட்டிலிருந்து ஒரு பிடி துருவலை அள்ளிக்கொண்டு ஓடியது. நான் திரும்பவில்லை. அடுத்த தடவை ஓடவில்லை. பக்கத்தில் நின்றே தின்றாள். அன்று எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் நாலு தேங்காய் துருவினோம். மறுநாள் காலையில் என் பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை மருத்துவர்களைக் கேட்டாலும் இதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் புது முகத்தைக் கண்டால் மிரட்சி தொடங்கும். ஒன்றரை வயது வரை அது கடுமையாக இருந்து, பிறகு மெல்லக் குறையும். புது ஆளின் உயரம், உரத்த குரல், நேருக்கு நேர் பார்வை, இந்த மூன்றும்தான் பிள்ளையை மிரட்டுகிறது. தரையில் உட்கார்ந்தால் உயரம் போய்விடும். கையில் வேலை இருந்தால் பார்வை வேறு பக்கம் போய்விடும். கிட்ட வருவதா விலகி ஓடுவதா என்பது பிள்ளையின் இஷ்டம். துருவிதான் வேண்டும் என்றில்லை. பயறு உடைக்கலாம், சைக்கிள் துடைக்கலாம், மட்டிப்பழம் உரித்துக் கிண்ணத்தில் மசித்துக்கொண்டிருக்கலாம். வேலை மெதுவாக நடக்க வேண்டும், பிள்ளை கையை விட இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் மகன் கதை இதில் கொஞ்சம் மாறும். போன லீவில் அவனுக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை, அது மிரட்சி. இப்போது வரப்போவது பெரும்பாலும் பொறாமை, கொஞ்சம் கோபம். அவனைப் பொறுத்தவரை அம்மா பக்கத்தில் படுக்கும் இடம் அவனுடையது. வந்த முதல் ராத்திரியே 'நீ இனி பாட்டிகூட படு' என்று தூக்கி மாற்றினீர்கள் என்றால், லீவு முடியும் வரை அப்பா அவனுக்கு எதிரிதான். நான் பார்த்த வீடுகளில் பாதிச் சண்டை இந்தப் படுக்கை விஷயத்தில்தான் தொடங்கியிருக்கிறது. யாரும் வெளியே சொல்வதில்லை. பத்து நாளாவது அவன் இடத்தை அசைக்காதீர்கள். கட்டில் போதவில்லை என்றால் பாய் விரித்து நாலு பேரும் தரையில் படுங்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேச வேண்டியதற்கு அவன் எல்.கே.ஜி. போகிற நேரம் இருக்கிறது. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இந்த 13 மாதத்தில் 'இரு, அப்பா வரட்டும், சொல்லித் தரேன்' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? நம்மூரில் சொல்லாத தாய் கிடையாது. ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்க்கும்போது கைக்கு எட்டுகிற ஆயுதம் அதுதான். ஆனால் வருஷம் முழுக்கப் பூச்சாண்டி வேலை பார்த்தவர் வாசலில் வந்து நின்றால் எந்தப் பிள்ளை ஓடிவரும்? இன்றைக்கே நிறுத்துங்கள். 'அப்பாவுக்கும் இந்தப் பழம்தான் பிடிக்கும்', 'இந்தத் தொட்டிலை அப்பாதான் கட்டினார்' என்று சும்மா போகிற போக்கில் பெயர் அடிபடட்டும். மாமியாரிடமும் அந்த 'மறந்த பிள்ளை' பேச்சை அவன் காதுபட வேண்டாம் என்று தம்பியே போனில் சொல்லட்டும். மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும். போனில் அப்பா வந்தால் 'பேசு, பேசு' என்று முகத்துக்கு நேரே திருப்பாதீர்கள். அவன் விளையாடுகிற இடத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் பேசுங்கள். அந்தக் குரல் வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகட்டும்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். மகளிடம் இப்போதே சொல்லுங்கள், 'இரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம்' என்பதையும் சேர்த்து. லே பக்கம் மேகம் இறங்கினால் விமானம் எழும்பாது, குளிர்காலத்தில் சோஜி லா மலைப்பாதையும் மூடிவிடும், அவளுக்குப் புரியும். மகனுக்கு 'அடுத்த மாசம்' என்பதும் 'நாளைக்கு' என்பதும் ஒன்றுதான். இப்போதே சொன்னால் தினமும் ஏமாறுவான். லீவு சர்ட்டிபிகேட் கையில் வந்து, ஆள் மேலே போஸ்டிலிருந்து இறங்கி லே வந்து சேர்ந்தாயிற்று என்ற பிறகு சொல்லுங்கள். அன்றிலிருந்து தினசரி காலண்டரில் தாள் கிழிக்கிற வேலை அவனுக்கு. மூன்று நாலு தாள், அவ்வளவு போதும். இப்போது தாடியா, மொட்டையா, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்து மற்ற முகம் கருத்துப் போயிருக்கிறதா, அந்தக் கோலத்திலேயே ஒரு படம் அனுப்பச் சொல்லி அவனுக்குக் காட்டிவிடுங்கள். பனிவெயில் முகத்தை அப்படித்தான் ஆக்கும். பிள்ளைக்குத் தெரிந்த அப்பா பழைய கல்யாண ஆல்பத்து அப்பா.

தம்பிக்கு ஒரு யோசனை சொல்வேன்; இதைச் சொன்னால் பெண்டுகள் என்னைத் திட்டுவார்கள். எங்கள் காலத்தில் வடக்கே இருந்து வருவதென்றால் ஹிம்சாகர் ரயில்தான். இன்றும் அது கத்ராவிலிருந்து கன்னியாகுமரிக்கு வாரம் ஒரு முறை, 3,700 கிலோமீட்டருக்கு மேல், மூன்று ராத்திரி ஓடுகிறது. நாக்பூர் தாண்டுவதற்குள் ஸ்வெட்டர் கழன்றுவிடும். பாலக்காட்டில் தென்னை மரத்தைப் பார்த்ததும் பேச்சு இந்தியிலிருந்து இறங்கிவிடும். நாகர்கோவில் சந்திப்பில் இறங்கும்போது ஆள் பாதி வீட்டு மனுஷன் ஆகியிருப்பான். இப்போது காலையில் சண்டிகரில் விமானம் ஏறினால் ராத்திரி வீட்டில் சோறு தின்னலாம். உடம்பு வந்துவிடுகிறது, மனசு இன்னும் சென்ட்ரி டியூட்டியில் நிற்கிறது. தூக்கமும் சரியாக இருக்காது. அதனால் முடிந்தால் வழியில் ஒரு ராத்திரி எங்காவது தங்கி, நன்றாகத் தூங்கிவிட்டு வரட்டும். அங்கே குளிர் காய மூட்டும் புகாரி அடுப்பில் மண்ணெண்ணெய் எரித்து எரித்து உடுப்பெல்லாம் அந்த வாடை ஏறியிருக்கும். வந்ததும் குளித்து, வீட்டுக் கைலியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்காரட்டும். யூனிஃபார்ம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த டிரங்குப் பெட்டி மாதிரி பிள்ளைகளுக்குப் பிடித்த பொருள் வேறில்லை. வெள்ளை பெயிண்டில் நம்பரும் பெயரும், பெரிய பூட்டு. சாவியை மகன் கையில் கொடுத்துவிடுங்கள். திறப்பது அவன் வேலை. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டாம். முதல் நாள் வாதுமைப் பருப்பு, மறுநாள் லடாக் உலர்ந்த ஆப்ரிகாட், அப்புறம் பொம்மை. தினமும் அந்தப் பெட்டிக்கும் அதன் சொந்தக்காரருக்கும் பக்கத்தில் அவன் வந்துதான் ஆக வேண்டும்.

லீவுக் கணக்கு காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும்: ஜவான்களுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல். ஊருக்கு வந்து பாருங்கள். கல்யாணம் மூன்று, பால்காய்ச்சு ஒன்று, கோயில் கொடையோ சர்ச் திருநாளோ ஒன்று, நாகர்கோவில் மிலிட்டரி கேன்டீனுக்கு நாலு நடை, கொத்தனார், பேங்க் லோன், பத்திரம். நம் ஜில்லாவில் பட்டாளத்துக்காரர் வீடுகள் லீவில்தான் கட்டி எழும்பியிருக்கின்றன. பிள்ளைக்கு மிஞ்சுவது சாயங்காலம் ஒரு மணி நேரம். முதல் நாலு நாள் யாரும் வர வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மகள் ஒட்டிக்கொள்வாள், பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் அதிகம் கவலைப்படுவது அவளைப் பற்றித்தான். இந்த ஒரு வருஷத்தில் மோட்டார் போடுவது, தம்பிக்குச் சோறு ஊட்டுவது, உங்கள் போனில் கரண்ட் பில் கட்டுவது வரை பழகியிருப்பாள். வீட்டில் அவளுக்கு ஒரு பதவி உண்டு. அப்பா வந்து காலை ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டு, போர்வையை மடி, செருப்பை வரிசையாக வை என்று பேரக்ஸ் நடத்த ஆரம்பித்தால், பத்து வயதிலும் அவளுக்கு ரோஷம் வரும். முதல் பதினைந்து நாள் அவர் அந்த வீட்டில் விருந்தாளி. எது எங்கே இருக்கிறது, யார் எதைச் செய்கிறார்கள் என்று மகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சட்டம் போடுவது பிறகு.

அவளை மட்டும் தனியாக ஒரு நாள் வெளியே கூட்டிப் போகச் சொல்லுங்கள், மகன் இல்லாமல். எங்கே என்றால் நான் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைச் சொல்வேன். மரத்தடியில் உட்கார இடம் உண்டு, கூட்டம் இல்லை. 1741-ல் குளச்சல் சண்டையில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். மனைவியும் மகனும் பக்கத்திலேயே. ஊர் திரும்பாத பட்டாளக்காரரின் கல்லறையைப் பார்த்தால் பிள்ளைக்குக் கேள்வி வரும். 'நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களாப்பா' என்றுகூடக் கேட்கலாம். என் மகன் கேட்டான். மழுப்ப வேண்டாம், கதை அளக்கவும் வேண்டாம். சொல்லக்கூடியதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்றே சொல்லலாம்.

கேன்டீனில் கிடைக்கும் கோட்டா மது பாட்டிலைப் பற்றியும் பேசிவிட வேண்டும். கூட்டாளிகள் வருவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை கிட்ட வரத் தொடங்குவது பெரும்பாலும் சாயங்காலத்தில்தான். அதே நேரத்தில் அப்பா வாயில் ரம் வாடை அடித்தால் நாலு நாள் துருவிய தேங்காய் வீண். இன்னொன்றையும் கவனியுங்கள். கோயில் வெடிக்கு ஆள் திடுக்கிடுவது, ராத்திரி எழுந்து கதவுப் பூட்டைத் தொட்டுப் பார்ப்பது, இதெல்லாம் முதல் இரண்டு வாரம் சகஜம். மூன்று நாலு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளை மேல் பாய்கிறார், யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால் பொறுத்திருக்க வேண்டாம். மனநல உதவிக்கான டெலி மானஸ் போன் எண் 14416, இலவசம், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். படையினருக்கென்று தனிப் பிரிவு 2023 டிசம்பரிலிருந்து புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் இயங்குகிறது. நேரில் என்றால் நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் பாங்கோடு மிலிட்டரி ஆஸ்பத்திரி.

மகன் எத்தனை நாளில் ஒட்டுவான் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். நடுவில் ஒரு நாள் நன்றாக ஒட்டி, மறுநாள் காலையில் 'நீ போ உன் வீட்டுக்கு' என்பான். அதுவும் நல்லதுதான், போகமாட்டார் என்ற தைரியம் வந்த பிறகுதான் அப்படிச் சொல்வான். தம்பி முகம் வாடாமல் இருக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு.

வருவதைவிடப் போவதைத்தான் நாம் மோசமாகச் செய்கிறோம். தூத்தூர், வள்ளவிளைக்காரர்களைப் பாருங்கள். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் ஆள் வீட்டில் இருக்கமாட்டார், கரைக்கு வருவார், மறுபடி போவார். அங்கே பிள்ளைகளுக்கு அப்பா போவதும் வருவதும் பிறந்ததிலிருந்து பழக்கம். போகிறார் என்பதை யாரும் மறைப்பதில்லை. நாம் மறைக்கிறோம். 2003 ஜனவரியில் விடியற்காலை மூன்று மணிக்கு நான் கிளம்பும்போது, அழுவாள் என்று மகளை எழுப்பாமல் போய்விட்டேன். பத்துப் பதினைந்து நாள் அவள் கதவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததாக என் மனைவி எழுதியிருந்தார். மதியம் தூங்கவே மாட்டேன் என்றாளாம். கண்ணை மூடினால் ஆள் காணாமல் போய்விடுவார்கள் என்று எண்ணியிருக்கிறாள்.

ஆகவே கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே அதே காலண்டரை எடுங்கள். பெட்டி அடுக்கும்போது மகனும் இரண்டு சாமான் வைக்கட்டும். அவனுடைய ஏதாவது ஒன்று, ஒரு உடைந்த கார் ஆனாலும் சரி, அப்பாவோடு போகட்டும். நேரம் எதுவானாலும் எழுப்பிவிடுங்கள். ரயில் என்றால் குழித்துறையோ இரணியலோ, ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிப் போங்கள். வண்டி நகர்வதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும், கை காட்டும், ஒரு முடிவு தெரியும். விமானம் என்றால் திருவனந்தபுரம் வரை இழுத்துப் போக வேண்டாம். அங்கே கண்ணாடிக் கதவுக்குள் ஆள் போனதும் பிள்ளை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றுவிடும், உங்களால் அங்கிருந்து கிளப்ப முடியாது. வீட்டு வாசலோடு சரி. அழுவான், அழட்டும், நீங்களும் அழுதால் தப்பில்லை. கார் திருப்பம் தாண்டியதும் உள்ளே கூட்டிவந்து அவனுக்குப் பால் காய்ச்சிக் கொடுங்கள்.